சிலிண்டருக்குள் இருப்பது எந்த கேஸ்? ஏசி, ஃப்ரிட்ஜ் கேள்வி பதில்

வெயில் ஏற ஏற ஏசி, ஃப்ரிட்ஜ் பற்றிய கடிதங்களும் கூடிக்கொண்டே போகின்றன. இந்த முறை வந்தவற்றில் நிறைய கடிதங்கள் கேஸில் கலப்படம், ஈரம், அமிலம் என்று ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்ததால் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

கார் ஏசி வேலை பார்க்கிறேன் ஐயா. வழக்கமாக வாங்கும் கடையில் கார் ஏசிக்கு ஏற்றுகிற 134ஏ கேஸ் சரக்கு இல்லை என்றார்கள். தெரிந்தவர் மூலமாக விலை குறைவாக ஒரு சிலிண்டர் கிடைத்தது, பில் இல்லை. கேஜ் போட்டுப் பார்த்தால் பிரஷர் சரியாகத்தான் காட்டுகிறது. ஆனாலும் மனசு உறுத்துகிறது. ஒரிஜினல்தானா என்று நானே சோதித்துப் பார்க்க முடியுமா?
– வாசகர், நெல்லித்தோப்பு, புதுச்சேரி

உறுத்தியது நல்லது தம்பி. அது தீரும் வரை அந்த சிலிண்டரிலிருந்து எந்த வண்டிக்கும் கேஸ் ஏற்றாதீர்கள்.

பிரஷர் சரியாக இருக்கிறது என்கிறீர்களே, முதலில் அதைப் பார்ப்போம். சிலிண்டரை ஒரு ராத்திரி முழுக்க நிழலில், ஒரே வெப்பம் உள்ள அறையில் வைத்துவிட்டு, காலையில் வெப்பமானியை சிலிண்டரின் அடிப்பக்கத்தில் டேப் போட்டு ஒட்டி, கொஞ்ச நேரம் கழித்து கேஜில் பாருங்கள். 30 டிகிரியில் சுத்தமான 134ஏ சுமார் 97 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். அதைவிடக் கணிசமாக அதிகம் காட்டினால் உள்ளே காற்று இருக்கிறது, அல்லது வேறு கேஸ் கலந்திருக்கிறது என்று அர்த்தம். சரி, 97தான் காட்டுகிறது, அப்போது நல்ல கேஸ்தானே என்றால், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய கார் ஏசிகளில் இருந்த ஆர்12 கேஸ் அதே 30 டிகிரியில் சுமார் 93 காட்டும், கேஜ் முள்ளில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஆர்40 என்கிற மெத்தில் குளோரைடு சுமார் 80 காட்டும், பழைய வீட்டு ஏசிகளில் இருக்கிற ஆர்22 சுமார் 158 காட்டும். இந்த இரண்டையும் அளவு பார்த்துக் கலந்தால் 134ஏ போலவே முள் நிற்கும். போலிச் சரக்கு தயாரிப்பவர்கள் செய்வதும் அதைத்தான். கேஜ் கெட்ட சிலிண்டரைக் காட்டிக்கொடுக்கலாம், ஆனால் நல்ல சிலிண்டர் என்று ஒருநாளும் சான்று தராது.

ஆர்40 என்றால் ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். 1920களில் வீட்டு ஃப்ரிட்ஜ்களிலேயே இதைப் போட்டிருந்தார்கள், கசிந்து ஆட்கள் இறந்தார்கள், அதன் பிறகுதான் ஃப்ரியான் என்ற மாற்று கேஸ் வந்தது. இன்றைக்கு அது சிலிகோன் தயாரிப்புக்காகப் பெரிய அளவில் தொழிற்சாலைகளில் செய்யப்படுகிற மலிவான மூலப்பொருள், அதனால்தான் போலிக்காரர்கள் கைக்கு எளிதாகக் கிடைக்கிறது. விஷம், தீப்பிடிக்கும், இரண்டும் உண்மை. ஆனால் அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. அலுமினியத்தோடு சேர்ந்தால் இது மெல்ல மெல்ல டிரைமெத்தில் அலுமினியம் என்ற பொருளாக மாறுகிறது. அந்தப் பொருளுக்குத் தீக்குச்சி வேண்டாம், காற்று பட்டாலே தானாகப் பற்றிக்கொள்ளும், தண்ணீர் பட்டால் வெடித்துச் சீறும். கார் ஏசியில் கம்ப்ரஸர் உடம்பு, வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சர், குளிரைத் தரும் எவாப்பரேட்டர் எல்லாமே பெரும்பாலும் அலுமினியம். வண்டி ஓடும்வரை எதுவும் தெரியாது, என்றைக்கோ ஒருநாள் ரிப்பேருக்காக யாரோ ஒரு பையன் ஃபிட்டிங்கைக் கழற்றுவான், அப்போது தெரியும்.

இது கற்பனை இல்லை. 2011இல் கப்பலில் போகும் குளிர்சாதனக் கண்டெய்னர்கள் இப்படி வெடித்து வியட்நாமிலும் பிரேசிலிலும் மூன்று பேர் இறந்தார்கள். 134ஏ என்று நம்பி ஏற்றிய கேஸில் ஆர்40 இருந்ததுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கண்டெய்னர்களைத் துறைமுகங்களில் ஒதுக்கி நிறுத்த வேண்டியதாயிற்று. இறந்தவர்கள் அந்த கேஸை வாங்கியவர்களோ விற்றவர்களோ இல்லை, பக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

நீங்கள் செய்யக்கூடிய சோதனைக்கு வருகிறேன். குளோரின் உள்ள கேஸ், சூடான செம்பின் மேல் பட்டால் தீயின் நிறம் பச்சையாகும். ஹாலைட் டார்ச் என்று பழைய மெக்கானிக்குகள் கசிவு தேடப் பயன்படுத்தியது இந்த வித்தையைத்தான். 134ஏவில் குளோரின் கிடையவே கிடையாது. ஆகவே அந்த சிலிண்டரிலிருந்து வால்வை லேசாகத் திறந்து துளியளவு கேஸை டார்ச்சின் குழாய் இழுத்துக்கொள்ளும்படி விட்டால் தீ நீலமாகவே இருக்க வேண்டும். பச்சை அடித்தால் உள்ளே ஆர்12, ஆர்22, ஆர்40 இவற்றில் ஏதோ ஒன்று இருக்கிறது. எது என்று இந்தச் சோதனை சொல்லாது, சொல்லவும் வேண்டியதில்லை, மூன்றுமே 134ஏ சிலிண்டரில் இருக்கக்கூடாதவை. இதைத் திறந்த வெளியில், புகை உங்கள் மேல் வராதபடி காற்று வருகிற பக்கம் நின்று செய்ய வேண்டும், ஏனென்றால் இந்த வாயுக்கள் தீயில் எரிந்தால் வருகிற புகை நுரையீரலைக் கெடுக்கும். அதற்கும் முன்னால் இன்னொன்று: உள்ளே புரொப்பேன், பியூட்டேன் போல எரியும் கேஸ் கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் தீப்பக்கமே போகாதீர்கள்.

அதனால்தான் முதல் சோதனையாகக் கையடக்க ஐடென்டிஃபையர் கருவியைச் சொல்வேன். அகச்சிவப்புக் கதிரை கேஸ் வழியாகச் செலுத்தி, 134ஏ எத்தனை சதவீதம், ஆர்22 எத்தனை, எரியும் கேஸ் எத்தனை, காற்று எத்தனை என்று காட்டும். விலை அதிகம்தான், தனி ஒருவர் வாங்குவது கஷ்டம், ஆனால் உங்கள் வட்டாரத்தில் கார் ஏசி வேலை பார்க்கிறவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாமே. ஒரு எச்சரிக்கை, சில பழைய கருவிகளுக்கு ஆர்40ஐப் பெயர் சொல்லி அடையாளம் காட்டத் தெரியாது, வேறு எதுவாகவோ காட்டும். கருவியும் சரி என்று சொல்லி, தீயும் நீலமாக இருந்து, பிரஷரும் பொருந்தினால்தான் ஓரளவு நம்பலாம். முழு நம்பிக்கைக்கு ஆய்வகம்தான், அதைப் பற்றிக் கீழே இன்னொரு தம்பி கேட்டிருக்கிறார், படியுங்கள்.

ஒருவேளை அந்த சிலிண்டரிலிருந்து ஏற்கெனவே ஏதாவது வண்டிக்கு ஏற்றியிருந்து, சோதனையில் குளோரின் காட்டினால், அவசரப்பட்டு ஃபிட்டிங்கைக் கழற்ற வேண்டாம். உங்கள் ரெக்கவரி மெஷினால் உறிஞ்சவும் வேண்டாம், அதற்குள்ளும் அலுமினியம் இருக்கும். ஏசியை ஓட்டாமல் விட்டு, வண்டிக்காரரிடம் உள்ளதைச் சொல்லி, பானட்டுக்குள் எழுதி ஒட்டிவிட்டு, கேஸ் தயாரிக்கும் கம்பெனியின் நேரடி விநியோகஸ்தரைத் தொடர்பு கொள்ளுங்கள். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும், சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் ஃப்ரிட்ஜ் கொஞ்ச நேரம் நன்றாகக் குளிர்கிறது, அப்புறம் தானாக நின்றுவிடுகிறது, அணைத்துவிட்டு மறுபடி போட்டால் மறுபடி குளிர்கிறது. "கேஸில் ஈரம் ஏறிவிட்டது, டிரையரும் மாற்ற வேண்டும்" என்கிறார் மெக்கானிக். மூடிக் கிடக்கிற பைப்புக்குள் ஈரம் எப்படிப் போகும்? காசு பிடுங்கப் பார்க்கிறாரா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

நீங்கள் சொல்கிற அறிகுறியைப் பார்த்தால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது அம்மா. கேஸோடு சுற்றிவரும் ஈரம், கேபிலரி என்கிற முடி போன்ற குழாயின் கடைசியில், கேஸ் திடீரென்று குளிரும் இடத்தில், உறைந்து அடைத்துக்கொள்ளும். குளிர்ச்சி நின்றதும் அந்தப் பனி உருகும், வழி திறக்கும், மறுபடி குளிரும், மறுபடி அடைக்கும். வேறு காரணங்களாலும் இப்படி வரலாம், ஆனால் அடைத்த நேரத்தில் கேபிலரி முனையில் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றினால் உடனே ஓட ஆரம்பிக்கிறது என்றால் அது ஈரம்தான். அதை அவரை உங்கள் கண் முன்னால் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

ஈரம் எப்படிப் போகும் என்று கேட்டீர்களே, நல்ல கேள்வி. இப்போது வருகிற ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். அது சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 11.7 டிகிரியில் கொதிக்கும். ஃப்ரீசருக்குள் அதைவிடக் குளிராக ஓடும்போது அந்தப் பக்கத்துப் பைப்பில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துவிடும். அங்கே ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால் கேஸ் வெளியே வராது, வெளியே இருக்கிற காற்று உள்ளே போகும். நம் கடற்கரைக் காற்று எவ்வளவு ஈரம் என்று துணி காயப்போடுகிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் டிரையரை மாற்றுவது மட்டும் போதாது. ஓட்டையை அடைத்து, வேக்கம் பம்பு போட்டு உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் போதிய நேரம் இழுத்து, கேஸை எடைபோட்டு ஏற்ற வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜுக்குச் சில பத்து கிராம்தான் பிடிக்கும், சரியான அளவு ஃப்ரிட்ஜின் பின்னால் ஒட்டியிருக்கும். தராசு கொண்டுவராத மெக்கானிக்கிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கடலூர் முதுநகரில் ஐஸ் பிளான்ட் வைத்திருக்கிறோம். அமோனியா. முன்பைவிட ஐஸ் கட்ட அதிக நேரம் ஆகிறது, கரண்ட் பில்லும் ஏறிவிட்டது. அமோனியாவில் தண்ணீர் கலந்திருக்கலாம் என்கிறார்கள். எப்படிப் பார்ப்பது?
– வாசகர், கடலூர் முதுநகர்

ஐயா, தண்ணீர், காற்று, எண்ணெய், மூன்றையும் பாருங்கள், ஒன்று இருந்தால் மற்றதும் இருக்க வாய்ப்பு அதிகம்.

தண்ணீருக்கு: அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் தாழ்வழுத்தப் பக்கத்திலிருந்து திரவ அமோனியாவைக் கொஞ்சம் பிடித்து ஆவியாக விடுவார்கள். அமோனியா மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்துப் போய்விடும், தண்ணீர் அடியில் தங்கிவிடும். எவ்வளவு தங்கியது என்பதை வைத்துச் சதவீதம் போடலாம், அமோனியா கொஞ்சம் தண்ணீரிலேயே கரைந்து நிற்கும் என்பதால் அதற்கான திருத்தக் கணக்கும் உண்டு. தாழ்வழுத்தப் பக்கம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அமோனியா மட்டும்தான் ஆவியாகி கம்ப்ரஸருக்குத் திரும்பும், தண்ணீர் எவாப்பரேட்டர் பக்கமே தேங்கிக்கொண்டே போகும், திரவம் சேரும் ரிசீவர் தொட்டியில் பிடித்த சாம்பிள் சுத்தமாகவே காட்டும். தண்ணீர் சேர்ந்தால் அதே அழுத்தத்தில் கொதிக்கும் வெப்பம் மேலே போகிறது, அதே குளிர்ச்சிக்கு கம்ப்ரஸர் இன்னும் கீழே இழுக்க வேண்டியிருக்கிறது, உங்கள் கரண்ட் பில் ஏறுவதற்கு அது ஒரு காரணம்.

காற்றுக்கு: கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு கண்டென்சரில் தண்ணீரை மட்டும் ஓடவிடுங்கள். உள்ளே போகிற தண்ணீரும் வெளியே வருகிற தண்ணீரும் ஒரே வெப்பத்துக்கு வந்ததும் கேஜைப் பாருங்கள். 30 டிகிரி என்றால் சுமார் 155 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். கூடுதலாக இருப்பது காற்றின் கணக்கு. பர்ஜ் செய்யும்போது, அதாவது அந்தக் காற்றை வெளியேற்றும்போது, ஹோஸ் முனையைத் தண்ணீர் வாளிக்குள் வைப்பதை உங்கள் ஆபரேட்டர் பார்த்திருப்பார், அமோனியா தண்ணீரில் கரைந்துவிடும், மேலே வருகிற குமிழி காற்று. குமிழி நின்றால் காற்று தீர்ந்தது.

எண்ணெய் திரவ அமோனியாவைவிடக் கனம், அடியில் தங்கும், ஆயில் டிரெயின் வழியாக எடுத்துவிடலாம்.

இதெல்லாம் சுலபம்போல எழுதிவிட்டேன், ஆனால் திரவ அமோனியா கண்ணில் பட்டால் பார்வை போகும். முகமூடி, கையுறை, கண்ணாடி, பக்கத்தில் நிறையத் தண்ணீர், கூட இன்னொரு ஆள், இவை இல்லாமல் வால்வைத் தொட விடாதீர்கள். சுற்றிலும் குடியிருப்பு உள்ள இடம் உங்களுடையது.

2024 நவம்பர் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் எங்கள் ஏசி அவுட்டோர் யூனிட் முழுகியது. பிறகு சரிபார்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். கேஸுக்குள் தண்ணீர் போயிருக்குமா? சோதிக்க வேண்டுமா?
– வாசகர், கிருஷ்ணா நகர், புதுச்சேரி

பைப் எங்கும் உடையாமல் இருந்தால் போயிருக்காது. ஸ்ப்ளிட் ஏசியில் எல்லா நேரமும் உள்ளே அழுத்தம் அதிகம், வெள்ளத் தண்ணீர் அதைத் தாண்டி உள்ளே நுழைய முடியாது. உங்கள் கவலை எலக்ட்ரானிக் போர்டு, ஃபேன் மோட்டார், டெர்மினல், துரு இவற்றைப் பற்றி இருக்கட்டும்.

கம்ப்ரஸர் எரிந்து மாற்றியிருந்தால் கதை வேறு. வைண்டிங் எரியும்போது கேஸும் எண்ணெயும் சிதைந்து ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமும், ஆர்22 போலக் குளோரின் உள்ள கேஸ் என்றால் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகும். எண்ணெய் கறுத்து, மூக்கைத் துளைக்கும் காட்டமான வாடை வரும். அதை வெறுங்கையால் தொடக்கூடாது. பழைய கம்ப்ரஸர் எண்ணெயைச் சின்ன பாட்டிலில் எடுத்து, ஆசிட் டெஸ்ட் கிட்டில் வருகிற திரவத்தோடு குலுக்கினால் நிறம் மாறுவதை வைத்து அமிலம் இருக்கிறதா என்று தெரியும். இருந்தால், நைட்ரஜன் விட்டுக் கழுவி, புது டிரையர் போட்டு, ஓடவிட்டு, மறுபடி சோதிக்க வேண்டும். அதைச் செய்யாமல் புது கம்ப்ரஸரை மாட்டினால் பழைய அமிலம் அதையும் தின்றுவிடும். மாற்றிய புது கம்ப்ரஸர் சீக்கிரமே போய்விட்டது என்று மக்கள் புலம்புகிற பல இடங்களில் நடந்தது இதுதான்.

ஐடிஐயில் ஆர்ஏசி, அதாவது ஏசி, ஃப்ரிட்ஜ் தொழில் படிக்கிறேன் சார். கேஸ் சுத்தமா என்று ஆய்வகத்தில் எப்படிப் பார்க்கிறார்கள்? புத்தகத்தில் ரெண்டு வரிதான் இருக்கிறது.
– மாணவர், கடலூர்

உங்களைப் போல நாலு பேர் கேட்டால்தான் இந்தத் தொழில் உருப்படும் தம்பி.

உலகில் பல இடங்களில் பின்பற்றுவது அமெரிக்க ஏசி தயாரிப்பாளர்கள் அமைப்பின் ஏஎச்ஆர்ஐ 700 என்ற தரநிலை. 134ஏ, ஆர்22 போன்றவற்றுக்கு அது சொல்கிற உச்ச வரம்பு: தண்ணீர் எடையில் 10 பிபிஎம், அமிலம் 1 பிபிஎம், ஆவியாகாமல் தங்கும் கசடு 0.01 சதவீதம், மேலே நிற்கிற ஆவியில் காற்று 1.5 சதவீதம், மற்ற ஆவியாகும் கலப்படம் எல்லாம் சேர்த்து 0.5 சதவீதம். 10 பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் 10 பங்கு, அதாவது 10 கிலோ கேஸில் 0.1 கிராம் தண்ணீர், ரெண்டு சொட்டு. அதற்கு மேல் போனால் கேஸ் தேறாது. வேக்கம் போடாமல் கேஸை விட்டே காற்றைத் தள்ளிவிடலாம் என்று நினைக்கிறவர்களிடம் இந்த ரெண்டு சொட்டுக் கணக்கைச் சொல்லுங்கள்.

தண்ணீரை அளப்பது கார்ல் ஃபிஷர் முறை, தண்ணீரோடு அயோடின் சேர்ந்து செலவாகும், எவ்வளவு அயோடின் செலவானது என்பதிலிருந்து தண்ணீர் எவ்வளவு என்று தெரியும். அமிலத்துக்கு, கேஸை ஒரு கரைப்பானுக்குள் குமிழவிட்டு, புரோமோதைமால் புளூ சேர்த்து, மஞ்சள் நிறம் நீலமாகும் வரை காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். குளோரைடுக்கு சில்வர் நைட்ரேட், வெள்ளையாகக் கலங்கினால் குளோரைடு இருக்கிறது. கசடுக்கு, அளந்த கேஸை அடியில் ஒடுங்கிய கண்ணாடிக் குமிழில் ஆவியாகவிட்டு நுனியில் மிஞ்சுகிற எண்ணெயை அளப்பார்கள். என்னென்ன கேஸ் கலந்திருக்கிறது என்பதை கேஸ் குரோமட்டோகிராஃப் பிரித்துக் காட்டும், ஆர்40 ஒளிந்திருந்தாலும் அங்கே தனியாக மாட்டும்.

இத்தனையும் சாம்பிள் எடுத்த விதத்தில்தான் இருக்கிறது. காற்றைத் தவிர மற்ற எல்லாச் சோதனைக்கும் திரவத்தில்தான் எடுக்க வேண்டும், சாம்பிள் பாட்டிலை முன்கூட்டியே வேக்கம் போட்டுக் காயவைத்திருக்க வேண்டும், 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பவே கூடாது, வெயிலில் திரவம் விரிந்தால் பாட்டில் தாங்காது. ஆர்407சி போன்ற கலவையில் மேலே நிற்கிற ஆவியும் கீழே இருக்கிற திரவமும் ஒரே விகிதத்தில் இருக்காது, ஆவியைப் பிடித்துக் கொடுத்தால் நல்ல கேஸையே கெட்டது என்று அறிக்கை வரும். வேலைக்குப் போனபின் கேஸ் வாங்கும்போது, அந்த பேட்சுக்கான ஆய்வுச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். முறையாக விற்கிறவரால் வாங்கித் தர முடியும்.

பழைய ஆர்22 ஏசி. கேஸ் விலை அதிகம், கிடைப்பதும் கஷ்டம், சமையல் கேஸையே ஏற்றிவிடலாம், நன்றாகக் குளிரும் என்கிறார் ஒருவர். செய்யலாமா?
– வாசகர், வில்லியனூர்

கூடாது. குளிரும் என்பது உண்மைதான், சமையல் கேஸில் இருக்கிற புரொப்பேன் அழுத்தத்தில் ஆர்22க்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் குளிர்சாதனத்துக்கென்று சுத்தம் செய்த ஆர்290 வேறு, அடுப்புக்கு வருகிற சிலிண்டர் வேறு. இதில் புரொப்பேனும் பியூட்டேனும் என்ன விகிதம் என்று நிலையில்லை, ஈரத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, கசிந்தால் தெரிவதற்காகச் சேர்த்த மெர்காப்டன் என்ற கந்தகப் பொருளும் உண்டு. அதைவிட முக்கியம், உங்கள் ஏசி எரியும் கேஸுக்காகச் செய்யப்பட்டதில்லை, ரிலேயில் வருகிற ஒரு பொறி போதும். நாளைக்கு வேறொரு மெக்கானிக் வந்து, ஸ்டிக்கரில் ஆர்22 என்று இருப்பதை நம்பி, பிரேசிங் டார்ச்சைப் பற்றவைப்பார்.

புது ஏசி தயாரிப்பில் ஆர்22 போடுவது நம் நாட்டில் 2024 முடிவோடு நின்றுவிட்டது, பழைய ஏசிகளின் சர்வீஸுக்கு மட்டும்தான் இனி. கசிவு இருந்தால் அதை முதலில் அடைத்து, இருக்கிற கேஸைக் காற்றில் விடாமல் மீட்டெடுத்து, பில்லோடு வாங்கிய ஆர்22ஐ மட்டும் எடைபோட்டு ஏற்றச் சொல்லுங்கள். கடல்காற்றில் காயில் என்கிற குழாய்ச்சுருள் அரித்துப்போயிருந்தால் அந்தச் செலவைப் புது ஏசியில் போடுவது மேல். ஏற்கெனவே யாராவது சமையல் கேஸ் ஏற்றியிருந்தால், யூனிட்டின் மேல் பெரிய எழுத்தில் "எரியும் கேஸ் உள்ளது" என்று எழுதி ஒட்டி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அடுத்து வருகிறவரிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள்.